அந்தக் குச்சி யாருடையது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருவாரூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. போன சித்திரையில் கொல்லையில் பத்தடிக்கு ஆறடி பள்ளம் வெட்டி, தார்ப்பாய் விரித்து, ஒரு சின்னக் குளம் அமைத்தேன். பேத்திக்காக என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் எனக்காகத்தான். ஒரு அல்லிக் கிழங்கு, கொஞ்சம் கோரை, அவ்வளவுதான். ஆடியில் தட்டான்கள் வர ஆரம்பித்தன.

அல்லிக்குப் பக்கத்தில் நட்டிருக்கும் மூங்கில் குச்சியின் நுனியில் ஒரு சிவப்புத் தட்டான் தினமும் வந்து உட்காருகிறது. வேறு சிவப்பு வந்தால் விரட்டிவிட்டு அதே நுனிக்குத் திரும்புகிறது. மூன்று மாதமாக அதே ஆள். பேத்தி பெயரே வைத்துவிட்டாள். மஞ்சளாக இன்னொரு வகை வரும். அதை மட்டும் விரட்டுவதில்லை. அது தண்ணீரில் வாலைத் தட்டித் தட்டி விளையாடும், சிவப்பு மேலே வட்டமிடும். உச்சி வெயிலில் இந்தச் சிவப்பு வாலை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கோபமா? மகன் காரில் வந்தால் அதன் பானெட்டிலும் சில தட்டான்கள் வாலைத் தட்டுகின்றன.

கொசு வரும், கப்பி மீன் விடு என்கிறார்கள் பக்கத்து வீட்டில். தண்ணீரும் பச்சையாகி அடியில் சேறு கட்டிவிட்டது. தீபாவளிக்கு முன் இறைத்துக் கழுவி மீன் விடலாம் என்று யோசனை. சங்கப் பாட்டில் தேன் தேடும் தும்பியும் இதுதானே? சின்ன வயதில் வாலில் நூல் கட்டிக் கல் தூக்க வைத்த பாவம் வேறு இப்போது உறுத்துகிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். குளத்தை இறைக்காதீர்கள். மற்றதெல்லாம் நிதானமாகப் பேசலாம்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் நான் இறைத்தவன். எங்கள் வீட்டில் துவைகல்லை ஒட்டி ஒரு சிமென்ட் தொட்டி இருக்கிறது. அதன் சுவரில் சாம்பல் நிறத்தில், கரும்புள்ளி தெளித்த மாதிரி ஒரு தட்டான் ஒட்டிக்கொண்டிருக்கும். பாறையிலோ சிமென்டிலோ உட்கார்ந்தால் அது இருப்பதே தெரியாது. கை வைக்கப் போகும்போது சுவரே பறக்கிற மாதிரி எழும். பிராடினோபிகா ஜெமினேட்டா என்று பெயர். மனிதன் கட்டிய தொட்டிகளைத் தன் பாறைக்குழியாக எடுத்துக்கொண்ட பூச்சி. இதை ஒரு வருடம் ரசித்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டி அழுக்காக இருக்கிறதே என்று இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். அடிச்சேற்றில் எட்டுக்கால் பூச்சியும் கரப்பானும் கலந்த மாதிரி பழுப்பாகச் சில ஜந்துக்கள் ஊர்ந்தன. அருவருப்பாக இருந்தது. வாளியோடு எடுத்துக் கொட்டினேன். அவை என்ன என்று தெரிந்தபோது தொட்டி பளபளவென்று இருந்தது.

தட்டான் வாழ்க்கையில் நாம் பார்ப்பது கடைசி அத்தியாயம் மட்டும். பறக்கும் காலம் சில வாரங்கள், நீண்டால் ஒன்றிரண்டு மாதம். அதற்கு முன்பு தண்ணீருக்கடியில் குஞ்சாக இருக்கிறது. வண்ணத்துப்பூச்சி மாதிரி கூட்டுப்புழுவாகத் தூங்கும் கட்டம் இதற்குக் கிடையாது. பத்துப் பன்னிரண்டு முறை சட்டை உரித்து வளர்ந்து, நேராக இறக்கையோடு வெளியே வந்துவிடும். நம் ஊர் வெயிலில் பல வகைகளுக்கு இரண்டு மூன்று மாதம் போதும். அப்படியானால் ஆடியில் வந்தவை போட்ட முட்டைகள் இப்போது எந்த நிலையில் இருக்கும்? நீங்கள் தீபாவளிக்கு முன் இறைக்க நினைக்கும் சேற்றில் கிட்டத்தட்ட முழு வளர்ச்சி பெற்று உட்கார்ந்திருக்கும்.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரு டீ வடிகட்டியால் அடிச்சேற்றை மெதுவாக அள்ளி, வெள்ளைப் பீங்கான் தட்டில் தண்ணீரோடு ஊற்றிப் பாருங்கள். பத்து நிமிடம் சும்மா இருங்கள், சேறு நடக்க ஆரம்பிக்கும். ஒன்றைக் கண்ணாடி டம்ளரில் விட்டு, இரண்டு கொசுப்புழுவைப் போடுங்கள். குஞ்சின் கீழ்த்தாடை, முழங்கையை மடக்கி முகவாய்க்குக் கீழே வைத்துக்கொண்ட மாதிரி மடிந்திருக்கும். புழு எதிரே நெளிந்து வரும்வரை அசைவே இருக்காது. பிறகு அந்தக் கை விருட்டென்று நீண்டு மடங்கியிருக்கும். நீண்டதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், புழு வாயில் இருப்பதைத்தான் பார்ப்பீர்கள். பேத்திக்குப் பிடிக்கப்போவது இன்னொன்று. இது மூச்சு விடுவது பின்பக்கமாக. மலக்குடலுக்குள் செவுள் இருக்கிறது. அங்கே இழுத்த தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் குஞ்சு ராக்கெட் மாதிரி முன்னால் பாயும். இதைக் கேட்டு ஆறு வயதுக் குழந்தை ஒன்று சிரித்து உருண்டதைப் பார்த்திருக்கிறேன். ஒல்லியான ஊசித்தட்டானின் குஞ்சு வேறு மாதிரி. வால்நுனியில் மூன்று சின்ன இலைகள் விரிந்திருக்கும், அவைதான் செவுள்.

இனி உங்கள் சிவப்புக்காரர். உடம்பு, முகம் எல்லாம் மிளகாய்ப்பழச் சிவப்பு, முதுகோடு மெல்லிய கறுப்புக் கோடு என்றால் அது குரோக்கோதெமிஸ் செர்விலியா. சிவப்பில் ரோஜா நிறமும் ஊதாவும் கலந்திருந்தால் டிரைதெமிஸ் அரோரா. இரண்டிலும் ஆண்தான் இந்த நிறம். செர்விலியாவின் பெண் மஞ்சள். புரிந்திருக்கும், நீங்கள் 'இன்னொரு வகை' என்று எழுதியது அவர் வீட்டுக்காரி. விளையாடவில்லை, முட்டையிடுகிறாள். ஒவ்வொரு தட்டுக்கும் வால்நுனியிலிருந்து முட்டைகள் தண்ணீரில் கழன்று விழுகின்றன.

மேலே வட்டமிடுவதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். 1979இல் ஜொனாதன் வாகே என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு ஊசித்தட்டான் வகையில் கண்டு எழுதினார்: ஆண் தன் விந்தைச் செலுத்துவதற்கு முன், முந்தைய ஆண் விட்டுப்போனதைப் பெண்ணின் உடலிலிருந்து சுரண்டி எடுத்துவிடுகிறது. பிறகு பல தட்டான் வகைகளிலும் இதே வேலை, ஏதோ ஒரு விதத்தில், நடப்பது தெரியவந்தது. அடுத்தவன் ஒரு நிமிடம் குறுக்கே வந்தால் போதும், இவன் பட்ட பாடு வீண். அதனால் முட்டை தண்ணீரில் விழும்வரை காவல். சில வகைகளில் ஆண் பெண்ணின் தலையைப் பின்னாலிருந்து பற்றியபடியே கூடப் பறக்கும், விடுவதே இல்லை. உங்கள் ஆள் கொஞ்சம் நாகரிகமாக மேலே நின்று பார்க்கிறார்.

இப்போது பேத்திக்கு வருத்தமான செய்தி. மூன்று மாதமாக அதே ஆள் இல்லை. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வலையில் பிடித்து, ஆய்வாளர்கள் செய்கிற மாதிரி, இறக்கையில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்து விட்டேன். மறுநாள் காலை பத்து மணிக்குப் புள்ளிக்காரன் இருந்தான். பன்னிரண்டரைக்குப் பார்த்தால் அதே இடத்தில், அதே தோரணையில், புள்ளி இல்லாத ஒருவன். நான்காம் நாள் வேலியோரம் புள்ளிக்காரனைக் கண்டேன், இறக்கை ஓரம் கிழிந்து கந்தலாக. அந்த நுனி நல்ல இடம். தண்ணீர் முழுக்கத் தெரியும், வரும் பெண்ணும் தெரியும், போகும் கொசுவும் தெரியும். அதனால் அது காலியாகவே இருக்காது. இருப்பவன் போனால் கோரைக்குள் காத்திருக்கும் அடுத்தவன் வந்து உட்காருவான். பேத்தி வைத்த பெயரைக் குச்சிக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வாலைத் தூக்குவது கோபம் இல்லை, வெயில். சூரியன் உச்சிக்கு வரும்போது உடம்பை அதற்கு நேராக நீட்டினால் வெயில் படும் பரப்பு குறைகிறது. மேகம் மறைத்ததும் வால் மெல்ல இறங்குவதைக் கவனியுங்கள். கொட்டுமோ என்ற பயமும் வேண்டாம், தட்டானுக்குக் கொடுக்கே கிடையாது.

கார் விஷயம் கொஞ்சம் சோகமானது. தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிரும். பள்ளியில் தளவிளைவு என்று படித்திருப்போம், மதிப்பெண் வாங்கியதும் மறந்திருப்போம். நம் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, தட்டானுக்குத் தெரியும். குளத்தைத் தேடுவதே அதை வைத்துத்தான். ஆனால் பாலிஷ் போட்ட பானெட்டும் அதே ஒளியைத் தருகிறது, சில சமயம் குளத்தைவிடப் பலமாக. ஹங்கேரியில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் பளபளப்பான கறுப்புக் கல்லறைகளைக் குளம் என்று எண்ணித் தட்டான்கள் சுற்றிவருவதை 2007இல் பதிவு செய்தார்கள். கறுப்பு கிரானைட் பதித்த திண்ணைகள் நம்மூரிலும் பெருகிவிட்டன. பானெட்டில் தட்டிய முட்டை அங்கேயே காய்ந்துவிடும். மகன் வந்தால் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடச் சொல்லுங்கள்.

கொசு. தட்டான் இருந்தால் கொசுவே இருக்காது என்று வாட்ஸாப்பில் சுற்றுவதை நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் சிவப்புக்காரரின் குஞ்சுகளையே தண்ணீர்த் தொட்டிகளில் விட்டு டெங்கு கொசுவைக் குறைத்த ஒரு முயற்சி மியான்மரில் யாங்கோன் நகரில் நடந்திருக்கிறது. ஊர்மக்களே சேர்ந்து செய்த அதன் ஆய்வுக்கட்டுரை 1990இல் வெளிவந்தது. கப்பியும் கொசுப்புழு தின்னும், மறுக்கவில்லை. தட்டானின் முட்டையையும் இளங்குஞ்சையும் சேர்த்துத் தின்னும். இரண்டில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்த வேண்டுமென்றால் டம்ளர் வித்தையை அவருக்கும் காட்டுங்கள். அப்படியே இரண்டு வீட்டு மாடித் தொட்டி மூடி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். டெங்கு கொசு பிறக்கும் இடங்கள் அவை.

சங்கப் பாட்டு: இல்லை. தட்டான் பூவில் தேன் குடிக்காது, அது முழுநேர வேட்டைக்காரன். கொசு, ஈ, வண்ணத்துப்பூச்சி, அகப்பட்டால் இன்னொரு தட்டான். பச்சையும் கறுப்புமாகப் பட்டை போட்ட ஆர்த்தெட்ரம் சபீனா உங்கள் குளத்துக்கும் வந்திருக்கும். தன் இனத்தையே பிடித்துத் தலையிலிருந்து மெல்வதைப் பார்த்தால் பேத்தியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் தேன் தேடித் திரியும் தும்பி வண்டினம். ஒரே பெயரைத் தமிழ் இரண்டு பூச்சிகளுக்கு வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

நூல் கட்டியது. நானும் கட்டியிருக்கிறேன். தும்பைச் செடிப் பக்கம் மூச்சை அடக்கி நின்று, இரண்டு விரலால் வாலைப் பிடித்து, அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து திருடிய நூலைக் கட்டி, பொடிக்கல்லை அது ஆறு கால்களாலும் தூக்கும்போது எழுந்த கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. கால்கள் நடக்க உதவாதவை என்பதும், பறக்கும்போதே இரையை அள்ளும் கூடை அவை என்பதும் அப்போது தெரியாது. வால் என்று நாம் பிடித்தது உண்மையில் வயிறு. பத்துக் கண்டங்களாக நீண்ட வயிறு. அதன் பக்கவாட்டுத் துளைகளால் மூச்சு விடுகிறது. முடிச்சை எங்கே போட்டோம் என்று யோசித்தால் எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது.

மழை வலுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். நான்கு மணி அலாரம் வைத்து, டார்ச்சோடு குளத்தங்கரைக்குப் போங்கள். வெளிச்சத்தை நேராக அடிக்காமல் கோரைத் தண்டு, குச்சி எல்லாவற்றையும் தண்ணீரிலிருந்து ஒரு சாண் உயரம்வரை பாருங்கள். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள், குஞ்சு ஒன்று ஏறி நின்றிருக்கும். முதுகு வெடித்து, தலையும் மார்பும் வெளியே வந்து பின்பக்கமாகத் தொங்கும். செத்துவிட்டதோ என்று தோன்றும். கால்கள் இறுகும்வரை காத்திருக்கிறது. அரைமணி நேரம்கூட ஆகலாம். பிறகு சட்டென்று நிமிர்ந்து தன் பழைய தலையையே பிடித்துக்கொண்டு வயிற்றை உருவி எடுக்கும். இறக்கைகள் நனைந்த காகிதம் மாதிரி சுருண்டிருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரியும். விடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும், கரிச்சானும் ஓணானும் எழுந்துவிடும். தொட வேண்டாம். இறகு உலராத நேரத்தில் விரல் பட்டால் இறக்கை கோணலாகவே நின்றுவிடும், பிறகு பறக்க முடியாது.

அது போன பிறகு தண்டில் வெறும் கூடு பிடித்துக்கொண்டிருக்கும். முதுகுப் பிளவுக்குள் வெள்ளையாக நான்கைந்து நூல்கள் தொங்கும். அவை உரிந்த மூச்சுக்குழாய்கள். தண்டோடு ஒடித்து ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பேத்திக்குக் கொடுங்கள். எத்தனை கூடு கிடைத்தது, எதிலிருந்தாவது சிவப்பு வந்ததா என்று எழுதுங்கள். ஆனால் ஒன்று, ஆணும் முதலில் மஞ்சளாகத்தான் வரும். சிவக்கச் சில நாள் பிடிக்கும்.