ஏர் இன்டேக் மாற்றுவோர் கேட்டவை

ஓப்பன் கோன் ஃபில்டர் (பெட்டி இல்லாத கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்) போட்டேன். சத்தம் அருமை, ஆனால் டவுன் டிராஃபிக்கில் வண்டி மந்தமாகிவிட்டதே?

போனட்டுக்குள் தேங்கும் சூட்டுக் காற்றைத்தான் இன்ஜின் இழுக்கிறது. 35 டிகிரி காற்று 60 டிகிரி ஆனால் அடர்த்தி சுமார் 7.5 சதவீதம் குறையும். அந்த அளவு ஆக்சிஜனும் குறையும். 1.5 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஃபில்டரைச் சுற்றி ஒரு பெட்டி கட்டி, பம்பர் பக்கமிருந்து குழாய் வழியாகக் குளிர்காற்று கொண்டுவாருங்கள். தகட்டின் மேல்விளிம்பில் ரப்பர் பீடிங் அவசியம். அது போனட்டைத் தொடுகிறதா என்று பார்க்க, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைச் சிறு உருண்டைகளாக விளிம்பில் ஒட்டி போனட்டை மூடித் திறங்கள். நசுங்காத உருண்டை இருக்கும் இடத்தில் சூடு உள்ளே வருகிறது.

70 மி.மீ. இன்டேக் குழாயை 76 மி.மீ. ஆக்கியதும் இன்ஜின் லைட் எரிகிறது, பி0171 என்ற எரர் கோடு (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்று பொருள்). சென்சார் போய்விட்டதா?

பெரும்பாலும் சென்சார் நன்றாகத்தான் இருக்கும். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் குழாயின் ஒரு புள்ளியில் ஓடும் காற்றை மட்டும் பார்க்கிறது. மொத்தக் காற்றை ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) 70 மி.மீ. கணக்கில் போடுகிறது. 76 மி.மீ. குழாயின் பரப்பு 18 சதவீதம் அதிகம். அதாவது, கணக்கில் வராத காற்று அவ்வளவு உள்ளே போகிறது, அதற்கான பெட்ரோல் போகவில்லை. நிதானமாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியூ சரிசெய்துகொள்ளும். முழு ஆக்சிலரேட்டரில் அந்தத் திருத்தம் நம்பத்தக்கதல்ல. அங்கேதான் நாக்கிங் (பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிப்பது) வந்து பிஸ்டன் உடைகிறது. தயவுசெய்து இதைச் சரிசெய்யும்வரை வண்டியை விரட்டாதீர்கள்.

முதலில் ஸ்மோக் டெஸ்ட் செய்து (குழாய்க்குள் புகையைச் செலுத்தி), சென்சாருக்குப் பின்னால் உள்ள இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கசிவும் இதே பி0171-ஐத்தான் தரும். கசிவு இல்லையென்றால் சென்சார் உட்காரும் துண்டை மட்டும் 70 மி.மீ.க்கே மாற்றுங்கள், அல்லது ட்யூனரிடம் ஏர்ஃப்ளோ டேபிளை (ஈசியூ காற்றைக் கணக்கிடும் அட்டவணையை) திருத்தி, காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் வைத்துச் சோதியுங்கள். லாங் டேர்ம் ஃப்யூல் ட்ரிம் (ஈசியூ நிரந்தரமாகச் செய்துவரும் பெட்ரோல் திருத்தம்) 5 சதவீதத்துக்குள் நின்றால் நிம்மதி. 10-ஐத் தாண்டினால் எங்கோ தவறு இருக்கிறது. ஹோண்டா கே20ஏ போல மேப் சென்சாரை (இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது) நம்பும் இன்ஜின்களில் இந்தச் சிக்கல் எழாது.

ஆயில் போடும் காட்டன் ஃபில்டரை எப்படிக் கழுவுவது?

அதற்குரிய கிளீனரைத் தெளித்து 10 நிமிடம் ஊறவிட்டு, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி மெல்லிய தண்ணீர்த் தாரையில் அலசுங்கள். நிழலில் உலரட்டும், கம்ப்ரஸர் காற்று பட்டால் துணி கிழியும். பிறகு ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரே ஒரு கோடு ஆயில். 20 நிமிடம் கழித்து வெளிறிய இடம் தெரிந்தால் அங்கு மட்டும் ஆயில் தொட்டு வையுங்கள். அதிகமானால் ஆயில் பறந்து ஏர்ஃப்ளோ சென்சாரின் கம்பியில் படியும். படிந்துவிட்டால் ஏர்ஃப்ளோ சென்சாருக்குரிய கிளீனரை மட்டும் அடியுங்கள். கார்ப் கிளீனர் கூடாது, விரலும் படக்கூடாது. புழுதிச் சாலைதான் அன்றாடம் என்றால் எங்கள் தேர்வு கம்பெனி பேப்பர் ஃபில்டர்தான்.

பம்பருக்குள் ஃபில்டர் வைக்கலாமா?

சென்னை மழையில் வேண்டாம். தேங்கிய தண்ணீரை ஃபில்டர் வழியாக இன்ஜின் இழுத்துக்கொள்ளும். தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளத்தில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிய பிறகே இன்ஜினைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

கம்பெனி ஏர்பாக்ஸ் (ஃபில்டர் இருக்கும் பெட்டி) உண்மையிலேயே காற்றுக்குத் தடையா என்று வாங்குவதற்கு முன்பே தெரியுமா?

தெரியும், செலவும் சொற்பம். ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் (டர்போ என்றால் டர்போவுக்கும்) இடையில் ஒரு சிறு துளையில் ஒளிபுகும் டியூபைச் செருகுங்கள். மறுமுனையை ‘யு’ வடிவில் வளைத்து அதில் கலர் தண்ணீர் ஊற்றுங்கள். நடுவில் ஒரு காலி பாட்டிலை இணைக்க மறக்கக் கூடாது, தண்ணீர் இன்ஜினுக்குள் போகாமல் அது தடுக்கும். டைனோவில் (வண்டியை நிறுத்தியபடி ஓட்டி சக்தியை அளக்கும் கருவி) முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து, இரு பக்க நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளங்கள். 25 செ.மீ. என்றால் 2.5 கிலோபாஸ்கல், வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 2.5 சதவீதம். டர்போ இல்லாத இன்ஜினில் தடையை முழுக்க நீக்கினாலும் கிடைக்கக்கூடிய உச்ச லாபம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஃபில்டரை மட்டும் எடுத்துவிட்டு இன்னொரு முறை அளந்து பாருங்கள். வித்தியாசம் அப்படியே இருந்தால் தடை ஃபில்டரில் இல்லை, குழாயின் வளைவிலோ ஏர்பாக்ஸின் வாயிலோ இருக்கிறது.