மாடியில் சுற்றிய செம்புக் கம்பியும் மகளின் மேல்படிப்பும்

கேள்வி: பாலக்கோடு பக்கம் அரசுப் பள்ளியில் மகள் பிளஸ் டூ கணிதப் பிரிவு படிக்கிறாள். மாடியில் சட்டம் கட்டி, கம்பி சுற்றி, "நீர்மூழ்கிக் கப்பலுக்குப் போகிற சிக்னலைப் பிடிக்கப் போகிறேன்" என்கிறாள். வி.எல்.எஃப். ஆன்டெனாதான் படிப்பாளாம். இதற்கெல்லாம் வேலை இருக்கிறதா?

பதில்: அந்தப் பெயரில் பட்டப்படிப்பு கிடையாது, வேலை விளம்பரமும் வராது. ஆனால் அவள் கை வைத்திருப்பது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை.

3 முதல் 30 கிலோ ஹெர்ட்ஸ் வரையிலான, மிகக் குறைந்த அதிர்வெண் கொண்ட ரேடியோ அலைகளைத்தான் வி.எல்.எஃப். என்கிறோம். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 18.2 கிலோ ஹெர்ட்ஸில் அனுப்புகிறது. அலைநீளம் கிட்டத்தட்ட 16.5 கிலோமீட்டர். ஆன்டெனா தானாகவே ஒத்திசைய, அதில் கால் பங்கு உயரத்துக்குக் கோபுரம் கட்டுவதென்றால் 4 கிலோமீட்டர் போக வேண்டும், ஆகிற காரியமா? அங்குள்ள உயர்ந்த மாஸ்ட்களே (கோபுரக் கம்பங்களே) 471 மீட்டர்தான். மேலே கம்பி வலை விரித்து, கீழே பெரிய காயில் (கம்பிச் சுருள்) போட்டு ஒத்திசைவுக்குக் கொண்டுவருகிறார்கள். இந்த அலை கடல்நீரில் இரண்டு மீட்டர் இறங்குவதற்குள் மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். அப்படியும் பத்து, இருபது மீட்டர் ஆழம் வரை எட்டும். இதைவிட அதிர்வெண் கூடிய ரேடியோ அலைகளுக்கு அந்த எட்டலும் இல்லை.

செய்தி ரகசியக் குறியீட்டில் போகிறது. மகளால் அதைப் படிக்க முடியாது, சிக்னலின் பலத்தை அளக்கலாம், அவ்வளவுதான். அளந்தாலே போதும். சூரியனில் வெடிப்பு நிகழ்ந்தால் வானில் ரேடியோ அலையைத் திருப்பும் அயனி மண்டலத்தின் அடிப்பகுதியான டி அடுக்கு மாறி, சில நிமிடங்களில் பலம் சட்டென்று ஏறி மெதுவாக இறங்கும். விஜயநாராயணம் தர்மபுரிக்கு 400 கிலோமீட்டர்தான் என்பதால் தரையோடு வரும் அலையும் வானில் பட்டுத் திரும்பும் அலையும் கலந்து, ஏறுவதற்குப் பதில் இறங்கவும் செய்யலாம். அதனால் தூரத்தில் உள்ள ஆஸ்திரேலியாவின் நார்த் வெஸ்ட் கேப் நிலையத்தையும் (19.8 கிலோ ஹெர்ட்ஸ்) பார்ப்பது நல்லது.

சட்டம் ஒரு மீட்டர் சதுரம், 25 கேஜ் எனாமல் கம்பி 50 சுற்று போதும். மோட்டார் காயில் கட்டும் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும். 200 மீட்டர் கம்பி ஏறத்தாழ 350 கிராம் வரும். குறுக்கே 10 நானோ ஃபாரட் அளவில் கெப்பாசிட்டர் போட்டால் டியூன் ஆகும். சாதா டிஸ்க் செராமிக் வேண்டாம், மே மாத மாடி வெயிலில் அதன் மதிப்பு நகர்ந்துவிடும். பாலிப்ரொப்பிலீன் வாங்கட்டும்.

வேலை செய்யவில்லை என்றால் முதலில் சட்டத்தைப் பாருங்கள். வெல்டிங் கடையில் இரும்பு ஆங்கிளில் நாலு பக்கமும் ஒட்டி வாங்கியிருந்தால் அதுவே ஷார்ட் ஆன ஒரு சுற்றாகி சிக்னலைத் தின்றுவிடும். மரம் அல்லது பி.வி.சி. குழாய்தான் சரி. அடுத்து, கம்பி முனையில் எனாமலைச் சுரண்டாமல் பற்றவைத்திருப்பாள். அதுவும் சரியாக இருந்தால் வீட்டு எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பார்க்கட்டும். சட்டத்தின் சிக்னலை வாங்கும் லேப்டாப் சவுண்ட் கார்டு நொடிக்கு 48,000 சாம்பிள் எடுத்தால் 24 கிலோ ஹெர்ட்ஸ் வரை தெரியும். சட்டத்தின் தளம் நிலையத்தைப் பார்த்து, அதாவது விஜயநாராயணத்துக்கு ஏறக்குறைய வடக்கு தெற்காக நிற்க வேண்டும். இடி மின்னல் வந்தால் சட்டத்தைக் கழற்றிக் கீழே கொண்டுவரச் சொல்லுங்கள்.

இனி படிப்பு. அவளுக்குப் பிடித்திருப்பது சாலிடரிங்கும் சர்க்யூட்டுமா, திரையில் வரும் வரைபடமா? கேட்டுப் பாருங்கள்.

சர்க்யூட் என்றால் பி.இ. இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்). பர்கூரிலும் தர்மபுரி செட்டிக்கரையிலும் உள்ள அரசு பொறியியல் கல்லூரிகள் இரண்டிலும் அது உண்டு. கட் ஆஃப் 200க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டை விடாதீர்கள், கட்டணத்தை அரசே ஏற்கிறது. மின்காந்தப் புலப் பாடத்தைக் கண்டு பாதி வகுப்பு ஓடும், இவள் ஓடக்கூடாது. ஆன்டெனா வேலைக்கு அதுதான் அஸ்திவாரம். ஓசூர் தாண்டினால் பெங்களூரு. பாரத் எலெக்ட்ரானிக்ஸ், ரேடார் செய்யும் டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம் எல்லாம் அங்கேதான். அதற்காக "கடற்படையில் சேர்ந்தால் அந்த நிலையத்திலேயே வேலை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், போஸ்டிங் நம் கையில் இல்லை.

வரைபடம் என்றால் நான் புவி இயற்பியலைச் சொல்வேன். நம் மாவட்டத்துக்குப் பொருத்தமும் அதுதான். கீழே சார்னோகைட், நைஸ் என்னும் கடினப் பாறைகள். தண்ணீர் பாறை வெடிப்பில்தான் நிற்கிறது. தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்த்து எத்தனை போர் வறண்டு போயிருக்கிறது! இதே கடற்படை சிக்னலை வைத்து வெடிப்பைத் தேடும் முறை உண்டு. கிழக்கு மேற்காக நடந்து 10 மீட்டருக்கு ஒரு அளவு எடுப்பார்கள். வடக்கு தெற்காக ஓடும் வெடிப்பைத் தாண்டும்போது காந்தப்புலச் சாய்வு பிளஸிலிருந்து மைனஸுக்கு மாறும். ஈ.பி. லைன், கம்பி வேலி, களிமண் ஆகியவையும் அப்படியே காட்டி ஏமாற்றும். அதனால் நிலத்தின் மின்தடையை அளக்கும் ரெசிஸ்டிவிட்டி சோதனை செய்து உறுதிப்படுத்தாமல் போர் போடக்கூடாது. (ஃப்ளோரைடு இருக்கிறதா என்று இந்தக் கருவி சொல்லாது, அதற்குத் தண்ணீர்ப் பரிசோதனைதான்.)

இதற்கு வழி: பி.எஸ்சி. இயற்பியல், துணைப்பாடம் கணிதம். பிறகு ஐ.ஐ.டி. முதுநிலைச் சேர்க்கைக்கான ஜாம் தேர்வு எழுதி மும்பை ஐ.ஐ.டி. அல்லது தன்பாத், இல்லையென்றால் ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகம். முதுநிலை முடித்ததும் யு.பி.எஸ்.சி.யின் ஒருங்கிணைந்த புவி விஞ்ஞானி தேர்வு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, மத்திய நிலத்தடி நீர் வாரியம் இரண்டுக்கும் அதன் வழியாகத்தான் ஆள் எடுக்கிறார்கள். ஐந்து, ஆறு வருடம் ஆகும், பணி இடம் வடக்கிலும் கிடைக்கலாம். வீட்டில் இதை இப்போதே பேசிவிடுங்கள்.

மதிப்பெண் இரண்டுக்கும் இடம் கொடுத்தால் இ.சி.இ. எடுக்கச் சொல்வேன், அதிலிருந்து வேலைக்குப் போகும் வழிகள் அதிகம். எப்படியானாலும் பொதுத்தேர்வு முடியும்வரை சட்டம் வாரத்தில் ஒரு நாள் போதும். எடுக்கும் பதிவில் தேதி, நேரம், எந்த நிலையம், சட்டம் எந்தத் திசை என்று எழுதி வைக்கட்டும். கணினிக் கடிகாரம் இணையத்தோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும், சூரியனின் எக்ஸ் கதிரை அளக்கும் செயற்கைக்கோளின் வரைபடத்தோடு அப்போதுதான் ஒப்பிட முடியும்.