கல்லீரலில் தேக்கம் என்றால் என்ன?

கேள்வி: எனக்கு 26 வயது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. மாதவிலக்கு 40 நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. வந்தால் கட்டிகட்டியாகப் போகிறது, வலி தாங்க முடியவில்லை. அக்குபங்சர் பார்ப்பவர் நாக்கையும் நாடியையும் பார்த்துவிட்டு, "கல்லீரலில் தேக்கம்" என்றார். ஸ்கேனிலோ கல்லீரல் நன்றாக இருக்கிறது. யாரை நம்புவது?
- ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: கலங்காதீர்கள் அம்மா, உங்கள் கல்லீரலுக்கு ஒன்றும் இல்லை. சீன மருத்துவம் கல்லீரல் என்று சொல்வது, ரத்தத்தைச் சேமித்து, 'ச்சீ' எனும் உயிராற்றலைத் தங்குதடையின்றி ஓடவிடும் வேலையை. மன அழுத்தமும் அடக்கிவைத்த கோபமும் அந்த ஓட்டத்தை மறிக்கும், பின்னாலேயே ரத்தமும் தேங்கும் என்பது அவர்கள் கணக்கு. விலக்குக்கு முன் மார்பு கனக்கிறதா, எரிச்சல் வருகிறதா என்றும் கேட்டிருப்பாரே?

அந்த விசாரணைதான் எனக்கு மிகவும் பிடித்தது. காட்பாடியில் என்னிடம் வந்த இரண்டு பெண்களுக்கும் வலி ஒன்றுதான். குடியாத்தத்துப் பெண் அடிவயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே பேசினார். போக்கு குறைவு, நிறம் வெளிறியது, எழுந்தால் கிறுகிறுப்பு. மற்றவரோ வயிற்றில் கை வைக்கவே விடவில்லை. கருஞ்சிவப்புக் கட்டி வெளியேறிய பிறகே வலி தணியுமாம். அழுத்தினால் இதம் என்றால் குறைபாடு, அழுத்தினால் வலி என்றால் தேக்கம். முன்னவருக்கு ரத்தத்தை ஊட்ட வேண்டும், பின்னவருக்கு ஓடவிட வேண்டும்.

ஆனால் நாடி பார்த்து ஹீமோகுளோபின் அளவைச் சொல்ல முடியாது. அது 12 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. உங்கள் ஸ்கேன் அறிக்கையை எடுத்து, கருப்பையையும் சினைப்பையையும் பார்த்திருக்கிறார்களா என்று படியுங்கள். மேல்வயிறு மட்டும் என்றால் அது போதாது. 35 நாளைத் தாண்டி வரும் விலக்குக்குத் தைராய்டு, பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) சோதனைகள் அவசியம். கட்டி போவதற்குக் கருப்பையின் நார்க்கட்டியும் காரணமாக இருக்கலாம். இவற்றை முடித்துவிட்டு அக்குபங்சரையும் தொடருங்கள்.

வலி நேரத்தில் உள்கணுக்கால் முனைக்கு நான்கு விரற்கடை மேலே, எலும்பின் பின்னோரத்தில் அழுத்திப் பாருங்கள். சான்யின்ஜியாவ் என்ற புள்ளி அது. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், சீன மருத்துவத்தில் விலக்குக் கோளாறுகளுக்குக் கொடுக்கும் 'டாங்குய்' என்ற மூலிகை வேரைத் தொடவே கூடாது. மணிக்கொரு நாப்கின் நனைந்தால் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு அன்றைக்கே மகளிர் நல மருத்துவரிடம் போய்விடுங்கள்.