வரப்பில் ஒரு காட்சி

கேள்வி: குறும்படம் எடுக்கிறோம். நடவு முடிந்த வயல் வரப்பில் அப்பாவும் மகனும் பேசும் காட்சி. மதியம் எடுத்ததில் முகம் கறுத்து, வானம் வெளுத்துவிட்டது. எங்கே தவறு? – ஒரு வாசகர், திருவையாறு.

பதில்: நேரம்தான். உச்சிவெயிலில் கண்குழி இருண்டுவிடும். முகத்துக்காகக் கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டினால் வானம் வெளுக்கத்தான் செய்யும். மாலை 4 மணிக்கு மேல், வெயில் நடிகர்களுக்குப் பின்னாலிருந்து வரும்படி நிறுத்துங்கள். முகத்துக்குப் பக்கவாட்டில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை போதும். வயலில் தேங்கிய நீரும் கீழிருந்து மெல்லிய வெளிச்சம் தரும். என்ன அழகான வெளிச்சம் அது!

அதற்கு முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: காட்சி யாருடையது? மகனுடையது என்றால் கேமரா அவன் கண் உயரத்தில், அவன் தோளுக்குப் பின்னால். இருவரையும் இணைத்து ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, எல்லா ஷாட்டையும் அதன் ஒரே பக்கத்திலிருந்து எடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டி மறுபக்கம் போனால், எதிரெதிரே பேசுபவர்கள் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

பம்புசெட் ஓடினால் நிறுத்தச் சொல்லுங்கள். வசனம் முடிந்ததும் வயலின் சத்தத்தை மட்டும் 1 நிமிடம் பதியுங்கள். எடிட்டிங்கில் வெட்டு தெரியாமல் மூடிவிடும்.

விட்டுப்போன ஷாட்டை அந்த வாரமே எடுத்துவிடுங்கள். சில வாரம் போனால் பயிர் தூர்கட்டி நீரை மறைத்துவிடும். பழைய ஷாட்டோடு ஒட்டாது.