சீல் பிரிக்காத டப்பாதான் உங்க கேஸ்

திண்டுக்கல் பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி நீளமா எழுதியிருக்கார். அப்பா சுகருக்கு ஒரு வைத்தியர்கிட்ட மூலிகைத் தூள் வாங்கி அஞ்சு மாசம் சாப்பிட்டிருக்கார், தீராத வயித்து வலி, ரத்தசோகை, கடைசில பெரிய ஆஸ்பத்திரில பாத்தா ரத்தத்துல ஈயம் எக்கச்சக்கம், செலவு ஒரு லட்சம் தாண்டிடுச்சு. இப்ப வைத்தியர் "மிச்ச மருந்தக் கொண்டாங்க, குடுத்த பணத்தத் தந்துடறேன்"ங்கறாராம். ஆள உள்ள தள்ள முடியுமான்னு கேக்கறார்.

தம்பி, வைத்தியர் போன்ல எடுத்தெறிஞ்சு பேசினது, சொந்தக்காரங்க உங்களையே குத்தம் சொன்னது எதுக்கும் நுகர்வோர் கமிஷன்ல மதிப்பு கிடையாது. சுகர் குணமாகும்னு விளம்பரம் பண்ணது மருந்து, மாய வைத்திய விளம்பரங்களுக்கான 1954 சட்டப்படி குற்றம்தான், ஆனா அது அவருக்கும் அரசாங்கத்துக்கும் உள்ள கணக்கு, அதுல உங்களுக்கு ஒரு ரூபா வராது.

உங்க லெட்டர்ல முக்கியமானது நீங்க போற போக்குல எழுதின ஒரே வரி, அப்பா இருபது வருஷமா பேட்டரி கடைல வேலை பாக்கறார்ங்கறது. பேட்டரின்னாலே ஈயம். எதிர்த்தரப்பு வக்கீல் பதில் மனுவுல மொதல்ல அதத்தான் போடுவார், 'ஈயம் கடைலேர்ந்து வந்தது, எங்க தூள்லேர்ந்து இல்ல'ன்னு. ரத்த ரிப்போர்ட் உடம்புல ஈயம் இருக்குன்னு மட்டும்தான் சொல்லும், எங்கேர்ந்து வந்துதுன்னு சொல்லாது. அதனால தூள்லயே ஈயம் இருக்குன்னு காட்டியாகணும், அதுவும் மூலிகை மருந்துக்கு உள்ள 10 பிபிஎம் (பத்து லட்சம் பங்குல பத்து பங்கு) வரம்பத் தாண்டி.

இங்கதான் எல்லாரும் மாட்டறாங்க. உங்ககிட்ட பாதி தீந்த டப்பா ஒண்ணு, சீல் பிரிக்காதது ஒண்ணு இருக்குங்கறீங்க. பாதி டப்பாவ நம்பாதீங்க, 'வீட்டுல எதையாவது கலந்துட்டாங்க'ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடுவாங்க. சீல் டப்பாவ நீங்களா பிரிச்சு தனியார் லேப்ல குடுக்கவும் கூடாது. என்கிட்ட வந்த ஒருத்தர் அப்படித்தான் ரிப்போர்ட்ட லேமினேட் பண்ணி எடுத்துட்டு வந்தார், ஆனா திரும்ப டெஸ்ட் பண்ண ஒரு டப்பாகூட மிச்சமில்ல, கேஸ் நிக்கல. 2019 நுகர்வோர் சட்டத்துல கமிஷனே சாம்பிள வாங்கி சீல் வெச்சு லேபுக்கு அனுப்ப வழியிருக்கு, கட்டணம் நீங்க கட்டணும், கட்டுங்க. அதோட லேபிள்ல இருக்கற பேட்ச் நம்பர், லைசென்ஸ் நம்பர போட்டோ எடுத்து வெச்சு, சித்த மருந்து ஆய்வாளருக்கு எழுத்துல புகார் குடுங்க, அதே பேட்ச் கடைல இருந்து அவர் முறைப்படி எடுத்தார்னா அந்த அரசு ரிப்போர்ட்டுக்கு உள்ள பலம் வேற. லைசென்ஸ் நம்பரே லேபிள்ல இல்லன்னா உங்க கை இன்னும் ஓங்கும். பில் இல்லங்கறீங்க, ஜிபே ஹிஸ்டரி, வாட்ஸப்ல ஆர்டர் பண்ணதெல்லாம் பிரிண்ட் எடுங்க.

வைத்தியர் கேக்கறது புரியுதா? ஆறாயிரம் ரூபாயத் திருப்பித் தந்து இருக்கற ஒரே சாட்சிய வாங்கிக்கறார், கூடவே 'எல்லாம் தீந்தது'ன்னு ஒரு ரசீதுல கையெழுத்தும் வாங்குவார்.

இன்னொண்ணு, 'பத்து லட்சம் குடு, இல்லன்னா வீடியோ போடுவேன்'னு மெசேஜ் அனுப்பிட்டதா சொல்றீங்க, அதோட நிறுத்துங்க. அந்த ஸ்கிரீன்ஷாட்ட வெச்சு மிரட்டிப் பணம் கேட்டதா உங்க மேல அவர் போலீஸ் புகார் குடுக்கலாம். பாதிக்கப்பட்டவங்க குற்றவாளி கூண்டுல நிக்கறத நான் பாத்துருக்கேன்.

நேரா சொல்றேன், பேட்டரி கடை இருக்கறவரை இது நிச்சயமான கேஸ் இல்ல. வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, ஆஸ்பத்திரி பில்லும் கொஞ்சம் மேலயும் கேட்டு செட்டில் பண்ணிக்கறதுதான் என் யோசனை. பணம் அக்கவுண்ட்டுல ஏறினப்புறம்தான் கையெழுத்து. பின்னாடி கிட்னி, நரம்புல கோளாறு வந்தா திரும்பக் கேக்க உரிமை இருக்குன்னு ஒரு வரி கேளுங்க, தர மாட்டாங்க, தரலன்னா தொகைய ஏத்துங்க. ஆய்வாளர்கிட்ட குடுத்த புகார வாபஸ் வாங்கறேன்னு மட்டும் பேரம் பேசாதீங்க.

அப்புறம், பேச்சு நடக்குதுன்னு கேஸ் போடற கெடு நிக்காது, 2 வருஷம்தான். அதுக்குள்ள அவர் இழுத்தடிச்சா மனுவத் தாக்கல் பண்ணிட்டு பேசுங்க, உங்க ஊர் மாவட்ட கமிஷன்லயே போடலாம்.