அறிக்கையில் டிக் இருக்கிறது, அளவு எங்கே?

கேள்வி: எங்கள் கிடங்குக்கும் அதை ஒட்டிய அலுவலகத்துக்கும் சேர்த்து மூன்று வருடமாக மின் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். வருடம் தவறாமல் அறிக்கை வருகிறது, எல்லாம் 'சரி' என்றே வருகிறது. போன மாதம் ஒரு பேனலில் கேபிள் முனை கருகிவிட்டது. ஒப்பந்தக்காரர், "இதெல்லாம் திடீரென்று வருவது, யாராலும் சொல்ல முடியாது" என்கிறார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா? மூன்று அறிக்கைகளையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: ஷார்ட் சர்க்யூட் வேண்டுமானால் திடீரென்று வரும். கேபிள் முனை கருகுவது பெரும்பாலும் மாதக்கணக்கில் நடக்கிற வேலை. நட்டு லேசாகத் தளர்ந்திருக்கும், அல்லது லக்கை, அதாவது கேபிள் முனையில் மாட்டும் உலோகக் காதை, சரியாக அழுத்தாமல் விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் மின்தடை கூடும். பகலில் சூடாகும், இரவில் ஆறும். விரிந்து சுருங்கி இன்னும் தளரும், ஆக்சைடு படியும், தடை மறுபடி கூடும். வெறும் 0.01 ஓம் தடை இருக்கிற இணைப்பில் 100 ஆம்பியர் ஓடினால் அங்கே பிறக்கும் வெப்பம் 100 வாட். கட்டைவிரல் அளவு இடத்தில் இவ்வளவு சூடு! கருகுவதற்கு முன்பே கேபிளின் உறை பழுப்பாகும், பேனலைத் திறந்தால் மீன் வாடை மாதிரி ஒன்று மூக்கில் ஏறும். பேனலைத் திறந்து பார்த்த யாருக்கும் இது தெரிந்திருக்கும்.

அறிக்கைகளைப் பார்த்தேன். பதினான்கு பேனல், ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு கட்டம், எல்லாவற்றிலும் டிக். தேதியை மறைத்துவிட்டால் எது எந்த வருடத்து அறிக்கை என்று சொல்ல முடியாது. இன்சுலேஷன் வரியில் மட்டும் எண் இருக்கிறது, அதுவும் எல்லா சர்க்யூட்டுக்கும் '100 மெகாஓம்'. உண்மையில் மெக்கர் (இன்சுலேஷனின் தடையை அளக்கும் கருவி) வைத்து அளந்தால் ஒரு லைன் 350 காட்டும், இன்னொன்று 40, ஈரம் படும் சுவரோடு போகிற லைன் 6 காட்டும். அத்தனையும் 100 என்று வருவது மேசையில் உட்கார்ந்து எழுதும்போதுதான்.

230/400 வோல்ட் சர்க்யூட்டுகளை 500 வோல்ட் டிசியில் சோதிப்பார்கள். ஐஇசி 60364-6 என்ற சர்வதேசத் தரம் கேட்கிற குறைந்தபட்சம் 1 மெகாஓம். ஆனால் 1-ஐத் தாண்டிவிட்டதா என்று மட்டும் பார்த்தால் போதாது. போன வருடம் 200 காட்டிய லைன் இந்த வருடம் 8 காட்டினால் தேர்வில் பாஸ்தான், ஆனாலும் உள்ளே ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது. போன வருடத்து எண் கையில் இல்லாவிட்டால் இந்தச் சரிவு யார் கண்ணிலும் படாது.

ஆகவே அதே ஆளோடு புதுப்பித்தாலும் வேறு ஆளைப் பிடித்தாலும், ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டியவை உண்டு. பேனல்களின் பட்டியல் பெயரோடு இருக்க வேண்டும். டிக் செல்லாது, அளந்த எண் வேண்டும், பக்கத்திலேயே போன வருடத்து எண்ணும். கருவியின் வரிசை எண், அது கடைசியாக அளவுச் சரிபார்ப்புக்குப் போன தேதி, அளந்தவர் கையெழுத்து. பழுது கண்டுபிடித்தால் சரிசெய்யும் செலவு ஒப்பந்தத் தொகைக்குள் வருமா, தனியா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

அப்புறம், உங்களிடமும் ஒரு கேள்வி. இந்த மூன்று வருடத்தில் அவர்களுக்கு ஷட்டவுன் கொடுத்தீர்களா? மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மெக்கர் வைக்க முடியாது, பஸ்பார் (பேனலுக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகும் உலோகப் பட்டை) நட்டைத் தொடவும் கூடாது. "வேலை நிற்காமல் முடித்துத் தருகிறோம்" என்பதைக் கேட்டு மகிழ்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால், டிக் அறிக்கையைக் கேட்டு வாங்கியதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

கேள்வி: வெப்பப் படம் எடுக்கும் கேமராவை வைத்துச் சோதித்தால் ஷட்டவுனே தேவையில்லை என்று ஒரு நிறுவனம் விலைப்புள்ளி கொடுத்திருக்கிறது. விடுமுறை நாளில் வந்து எடுத்துத் தருகிறார்களாம், எங்களுக்கும் தொந்தரவில்லை. வாங்கலாமா?

பதில்: கேமரா நல்ல கருவி. விடுமுறை நாள்தான் இடிக்கிறது.

வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. லோடு பாதியானால் சூடு கால்வாசியாகிவிடும். எல்லா இயந்திரமும் நிற்கிற நாளில் எடுத்தால் கெட்ட இணைப்பும் குளிர்ந்துதான் இருக்கும், படம் முழுக்க அழகான நீல நிறமாக வரும். குறைந்தது 40 சதவீத லோடாவது இருக்கும்போது எடுக்கச் சொல்வதுதான் வழக்கம். முழு லோடு ஓடும் வேளை இன்னும் நல்லது. ஒவ்வொரு படத்தோடும் அப்போது ஓடிய ஆம்பியரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அது இல்லாத வெப்பப் படம் சுவரில் மாட்டத்தான் உதவும்.

இன்னொன்று, கேமரா மூடிய கதவுக்குள் பார்க்காது. தகரக் கதவு, கண்ணாடி, உள்ளே இருக்கும் அக்ரிலிக் தடுப்பு எல்லாமே மறைத்துவிடும். கதவைத் திறந்து எடுக்கப் பயிற்சியும் பாதுகாப்பு உடையும் உள்ள ஆள் வேண்டும். பளபளப்பான செம்பு பஸ்பார் வேறு ஏமாற்றும். அது வெப்பத்தைச் சரியாக வெளிவிடாது, எதிரில் நிற்பவரின் உடல் சூட்டைக் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டும். அனுபவமுள்ளவர் பஸ்பாரை விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கிற கேபிள் உறையையோ டேப் ஒட்டிய இடத்தையோ பார்ப்பார். வருபவரிடம் இதைப் பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள், தெரிந்தவரா என்பது ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். ஒரே லோடு ஓடும் மூன்று ஃபேஸ்களில் ஒன்று மட்டும் சூடாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனையின் உயிர்.

ஷட்டவுன் சோதனைக்கு இது துணை, மாற்றாகாது. எர்த் ஒயர் அறுந்து தொங்கினாலும் கேமராவில் தெரியாது.

கேள்வி: பட்டறையில் 32 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணைந்துவிடும் ஸ்விட்ச்) அடிக்கடி டிரிப் ஆகிறது. எலக்ட்ரீஷியன் 63 போட்டால் தொல்லை தீரும் என்கிறார். புதிதாக வாங்கும்போது பெரிதாகவே வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். எம்சிபி காப்பாற்றுவது கேபிளை. 32-க்குப் போட்ட கேபிளுக்கு 63 வைத்தால் டிரிப் நிற்கும், அதன் பிறகு ஃபியூஸ் வேலையைக் கேபிளே பார்க்கும்.

32 ஆம்பியர் எம்சிபி 32-ஐத் தொட்டதும் விழுந்துவிடுவதில்லை. ஐஇசி 60898 தரப்படி, அது தன் அளவைப் போல 1.13 மடங்கை, அதாவது சுமார் 36 ஆம்பியரை, ஒரு மணி நேரம் டிரிப் ஆகாமல் தாங்க வேண்டும். 1.45 மடங்கில், 46 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் டிரிப் ஆக வேண்டும். ஆக, உங்களுடையது ஏதோ ஒரு காரணத்தோடுதான் விழுகிறது. எப்போது விழுகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். மோட்டாரை ஆன் செய்த நொடியிலா? அப்படியானால் ஸ்டார்ட்டிங் கரன்ட் காரணமாக இருக்கலாம். சி வகை எம்சிபி 5 முதல் 10 மடங்கில் உடனே விழும், டி வகை 10 முதல் 20 மடங்கு வரை பொறுக்கும். ஆம்பியர் அதேதான், வகை மட்டும் மாறும், அதையும் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். ஓடி அரை மணி நேரம் கழித்து விழுகிறதா? கிளாம்ப் மீட்டர் (கம்பியைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) போட்டு லோடை அளக்கச் சொல்லுங்கள். லோடு குறைவாக இருந்தும் விழுந்தால், முனையின் ஸ்க்ரூ தளர்ந்து அந்தச் சூடே எம்சிபியைத் தட்டிவிடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: மாதாமாதம் ஆர்சிசிபியின் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கிறோம், சரியாக விழுகிறது. தனியாகச் சோதனைக்குப் பணம் கொடுக்க வேண்டுமா?

பதில்: கொடுக்க வேண்டும். பட்டன், உள்ளே இருக்கும் இயந்திரம் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லும். அதற்காகத் தொடர்ந்து அழுத்துங்கள். ஆனால் எர்த் ஒயரே இல்லாத இடத்திலும் அந்தப் பட்டன் நன்றாக வேலை செய்யும். எவ்வளவு கசிவில், எத்தனை மில்லிசெகண்டில் விழுந்தது என்பதைக் கருவிதான் சொல்லும். 30 மில்லிஆம்பியர் சாதாரண வகையில் 15 மில்லிஆம்பியர் கசிவுக்கு விழக்கூடாது, 30-க்கு 300 மில்லிசெகண்டுக்குள் விழ வேண்டும், 150-க்கு 40 மில்லிசெகண்டுக்குள். அந்த எண்களைக் கேட்டு வாங்குங்கள். இயந்திரங்களில் வேகத்தை மாற்றும் டிரைவ் இருந்தால் ஆர்சிசிபி ஏசி வகையா, ஏ வகையா, பி வகையா (எந்த மாதிரிக் கசிவை அது உணரும் என்பதைச் சொல்லும் எழுத்துகள் இவை) என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். டிரைவிலிருந்து கசியும் டிசி, தவறான வகையை விழவிடாமல் செய்துவிடும்.

கேள்வி: எங்கள் பராமரிப்பு ஆட்களுக்குப் புது மல்டிமீட்டர் வாங்கப் போகிறோம். விலை மலிவானதே போதுமா? ஸ்க்ரூடிரைவர் டெஸ்டர் ஏற்கெனவே இருக்கிறது.

பதில்: பேனலுக்குள் வைக்கப் போகிற மீட்டரில் கேட் III, 600 வோல்ட் என்றாவது எழுதியிருக்க வேண்டும் ('கேட்' என்பது மீட்டரை எந்த இடத்தில் பாதுகாப்பாக வைக்கலாம் என்பதைச் சொல்லும் வகை), மின்சாரம் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் அளப்பதானால் கேட் IV. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். மீட்டரோடு ஆளுக்கு ஒரு பூட்டும், பெயர் எழுதிய அட்டையும் வாங்குங்கள். மெயினை அணைத்தவர் பூட்டிவிட்டுச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு மீட்டரை உயிருள்ள ஒரு இடத்தில் வைத்து வேலை செய்கிறதா என்று பார்த்து, வேலை செய்யப் போகும் இடத்தை அளந்து, மறுபடி உயிருள்ள இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் மீட்டரே செத்துப்போனால் அது எதையும் 'மின்சாரம் இல்லை' என்றுதான் காட்டும். கெப்பாசிட்டர் பேனல் என்றால் அணைத்த பிறகும் காத்திருந்து, டிஸ்சார்ஜ் ஆனதை அளந்து பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் டெஸ்டர் எரியாததை நம்பிப் பேனலில் கை வைக்க யாரையும் விடாதீர்கள்.