1942-ல் சில மாதங்கள்

அன்புள்ள ஐயா,

பதினோரு வருடமாகக் கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது வயது. சிசிலியிலிருந்து வந்த குடும்பம். தன் பாட்டியைப் பற்றி நாற்பது பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் எழுதி, பேரப்பிள்ளைகளுக்காக அச்சடித்திருக்கிறார். எனக்கும் ஒன்று கொடுத்தார். ஐசோலா டெல்லே ஃபெம்மினே என்ற மீனவக் கிராமத்திலிருந்து பத்தொன்பது வயதில் கப்பலேறி, பிட்ஸ்பர்க்கில் மீன் பிடித்துக்கொண்டிருந்த கணவரிடம் வந்து சேர்ந்தவராம் அந்தப் பாட்டி. எட்டுப் பிள்ளைகள். ஞாயிறுதோறும் இருபத்தைந்து பேருக்குச் சமையல். யாருக்காவது தலைவலி என்றால் தண்ணீரில் எண்ணெய் சொட்டுவிட்டுக் கண்ணேறு பார்ப்பாராம். அப்படியே நம் ஊர்! 1942-ல் சில மாதம் வேறு ஊரில் தங்கியிருந்தாராம், அவர் சமையல் இல்லாமல் வீடே இருண்டு கிடந்ததாம். 'குடும்பத்துக்காகவே வாழ்ந்தார்' என்று புத்தகம் முடிகிறது. அழுதுவிட்டேன். நான் காலை ஏழு மணிக்கே மகனைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவள். அந்த அர்ப்பணிப்பெல்லாம் அந்தத் தலைமுறையோடு போய்விட்டதா? இத்தாலியக் குடியேறிகளைப் பற்றிப் படிக்க சில நூல்கள் சொல்வீர்களா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நூல் பட்டியல் நான் தருவதில்லை. உங்கள் ஊர் நூலகத்தில் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். கண்ணேறு எந்த ஊரில்தான் இல்லை, அதை விடுங்கள். மகனைக் காப்பகத்தில் விடுவதற்கு என்னிடம் சமாதானம் சொல்ல வேண்டாம். நான் உங்கள் மாமியார் இல்லை.

ஆனால் ஒரு வரியில் நின்றுவிட்டேன். '1942-ல் சில மாதம் வேறு ஊரில் தங்கியிருந்தார்.' அதை எழுதிய கையோடு நீங்கள் சமையலுக்குப் போய்விட்டீர்கள். புத்தகம் எழுதிய பேத்தியும் அப்படித்தான் போயிருக்கிறார். எட்டுப் பிள்ளை பெற்ற ஒரு மீனவரின் மனைவி, போர்க்காலத்தில், அடுப்பை அப்படியே போட்டுவிட்டு வேறு ஊரில் போய் எதற்கம்மா தங்குகிறார்? உடம்பு தேற்றிக்கொள்ளவா? ஒரு நிமிடம் கேட்டிருக்க வேண்டாமா?

அந்த பிட்ஸ்பர்க், பென்சில்வேனியாவின் இரும்பு நகரம் இல்லை. கலிஃபோர்னியாவிலேயே சாக்ரமெண்டோ ஆறும் சான் ஹோவாகின் ஆறும் சேருமிடத்தில் இருக்கிற சின்ன ஊர். ஐசோலாக்காரர்கள் வலையோடும் படகோடும் வந்து அங்கே இன்னொரு ஐசோலாவை உண்டாக்கியிருந்தார்கள். 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியதும், குடியுரிமை பெறாத இத்தாலியர்கள் ஏறக்குறைய 6 லட்சம் பேர் 'எதிரி நாட்டு அந்நியர்' ஆனார்கள். புகைப்படமும் விரல்ரேகையும் ஒட்டிய ஒரு இளஞ்சிவப்புக் கையேடு. அது இல்லாமல் வெளியே போகக் கூடாது. சிற்றலை வானொலி, கேமரா, டார்ச் விளக்கு எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் இரவு எட்டு முதல் காலை ஆறு வரை ஊரடங்கு. கரையோரமும் தொழிற்சாலைகளை ஒட்டியும் சில பகுதிகளைத் தடை செய்தார்கள். அங்கிருந்த 'எதிரிகள்' 1942 பிப்ரவரி 24-க்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கலிஃபோர்னியாவில் சுமார் 10,000 பேர் அப்படிப் போனார்கள். பிட்ஸ்பர்க் தடைப் பகுதி. உங்கள் பாட்டியம்மா தங்கப் போகவில்லை எஸ்., துரத்தப்பட்டிருக்கிறார். புத்தகத்தைப் பார்க்காமலே சொல்கிறேன்.

(ஜப்பானியருக்கு நடந்ததன் பக்கத்தில் இதை வைக்கவே முடியாது. அமெரிக்காவிலேயே பிறந்து குடியுரிமை பெற்றவர்களையும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை முள்வேலிக்குள் அடைத்தார்கள். இதை யாராவது எனக்கு நினைவூட்டி எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.)

சரி, அவருக்கு ஏன் குடியுரிமை இல்லை? இதைத்தான் நான் உங்களிடம் உட்கார வைத்துச் சொல்ல விரும்புகிறேன். 1922 வரை கணவன் குடியுரிமை வாங்கினால் மனைவிக்கும் அது தானாக வந்துவிடும். அந்த ஆண்டு சட்டம் மாறியது. அதன்பிறகு மனைவி தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதிகாரி முன்னால் நின்று ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும். பெண்களுக்குத் தனி உரிமை என்று கொண்டாடப்பட்ட சட்டம்தான். நல்ல சட்டமும்கூட. ஆனால் கணவன் படகுத்துறையில் நாலு பேரோடு பேசி ஆங்கிலம் பழகினான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பழகினார்கள். இவர் எங்கே பழகுவது? அடுப்பங்கரையில் சிசிலிய மொழி, கடைத்தெருவில் அதே மொழி, தேவாலயத்திலும் அதே. எட்டுப் பிள்ளைகளுக்கு நடுவே மாலை வகுப்புக்குப் போக யார் விட்டார்கள்? இருபத்தைந்து பேருக்குச் சாப்பாடு இறங்கிக்கொண்டிருந்தவரை அந்த வீட்டில் யாருக்கும் அது ஒரு குறையாகவே பட்டிருக்காது.

குடும்பத்துக்காகவே வாழ்ந்தார். அதனால்தான் எதிரி ஆனார். மகன் அமெரிக்கச் சீருடையில் போருக்குப் போயிருக்க, தாய் கையேட்டோடு ஊரைவிட்டு வெளியேறிய வீடுகள் அன்றைக்கு இருந்தன. ஜோ டிமாஜியோ 1941-ல் தொடர்ந்து 56 பேஸ்பால் ஆட்டங்களில் அடித்து நாட்டையே தூக்கி வைத்துக்கொண்டாட வைத்தவர். அவருடைய பெற்றோரும் ஐசோலாக்காரர்கள்தான். மறு ஆண்டு அவர்களும் 'எதிரி'. சான் பிரான்சிஸ்கோவின் மீன்துறைப் பக்கம் அப்பா கால் வைக்க முடியவில்லை. 1942 அக்டோபர் 12, கொலம்பஸ் தினம் பார்த்து இத்தாலியர்கள் மேலிருந்த அந்த முத்திரையை நீக்குவதாக அறிவித்தார்கள். வீடு திரும்பியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இப்படியெல்லாம் நடந்தது என்று ஒப்புக்கொள்ள ஒரு சட்டம் வர 2000-ம் ஆண்டு ஆயிற்று.

வெட்கத்தால் மூடிய வாய் அது. பேத்திக்கு அதனால்தான் 'வேறு ஊரில் தங்கியிருந்தார்' என்று மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இதில் நான் பேசத் தகுதியுள்ளவனும் இல்லை.

போன மாதம் பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது எங்கள் ஆச்சியின் பதினாறாம் நாள் பத்திரிகை கிடைத்தது. 'குடும்பமே கோயிலென வாழ்ந்தவர்.' வாசகம் என்னுடையது. கல்லூரி முடித்த திமிரில் எழுதிக்கொடுத்தேன், அச்சகத்தில் பாராட்டினார்கள். நாற்பது வருடம் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றினவள் ஆச்சி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கழிவு என்று கடைக்காரர் ஒரு கை அள்ளி ஒதுக்கும்போது வாயைத் திறக்க மாட்டாள். என் கல்லூரிக் கட்டணம் அந்தச் சுளகிலிருந்துதான் வந்தது. பத்திரிகையில் பீடி என்ற சொல்லே இல்லை. கௌரவக் குறைச்சல் என்று நான்தான் விட்டேன். ஒருமுறை ஏதோ அலுவலகத்தில் அவளைக் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். இலையும் தூளும் தேய்த்துத் தேய்த்து ரேகையே இல்லை, மையில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. "அழுத்தி வையும் ஆச்சி" என்றார் குமாஸ்தா. அவள் அழுத்தினாள். இன்னும் கொஞ்சம் பெரிய வட்டம் விழுந்தது. நான் பக்கத்தில் நின்று சிரித்தேன்.

பிட்ஸ்பர்க்கில் மீன் டின் ஆலைகள் இருந்தன, அந்த ஊர்ப் பெண்கள் பலர் அவற்றில் வேலை பார்த்தவர்கள். உங்கள் பாட்டியம்மாவும் போனாரா என்று தெரியாது. நாற்பது பக்கத்தில் எங்காவது இருக்கிறதா, பாருங்கள்.

அடுத்த முறை பக்கத்து வீட்டுக்குப் போகும்போது அந்தக் கையேட்டைக் கேளுங்கள். எரித்திருக்கலாம், ஏதாவது பெட்டியின் அடியிலும் இருக்கலாம். கிடைத்தால் விரல்ரேகை எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். சமையல் குறிப்பு வேண்டாம்.